தடை போடலாமா? பிள்ளைகள் படிப்பதும் பார்ப்பதும் பற்றிப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்



பிள்ளையின் வாய்க்குள் என்ன போகிறது என்று நாம் கவனமாகப் பார்க்கிறோம். கெட்டுப்போன பண்டத்தைக் கொடுப்பதில்லை. கொதிக்கவைத்த தண்ணீரை ஆற்றிக் கொடுக்கிறோம். அதுபோலவே, கண் வழியாகவும் காது வழியாகவும் என்ன போகிறது என்றும் பார்க்க வேண்டும். கதைப் புத்தகம், சினிமா, டி.வி., செல்போன் எல்லாமே பிள்ளையின் மனதுக்குத் தீனிதான்.

தடுப்பூசி போடும் நாளில் தாய்மார்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. ஒரு தாய் சொல்வார்:

"எம் பொண்ணு கையில போனே குடுக்கறதில்லைங்க. கதைப் புத்தகங்கூட வீட்டுல கிடையாது. கெட்டதைப் பார்த்தாத்தானே பிள்ளை கெட்டுப்போகும்?"

பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வார்:

"அட போக்கா! தடுக்கத் தடுக்கத்தான் ஆசை வரும். நாம வேணாம்னா பக்கத்து வீட்டுல போய்ப் பார்க்கும். அதும்பாட்டுக்கு விட்டுடணும்."

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சில சமயங்களில் தடுக்கத்தான் வேண்டும். சில சமயங்களில் தடுப்பதே பிள்ளைக்கு ஆபத்தாக முடியும். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

அதற்கு ஒரு கேள்வி போதும். தடை போடுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "இதனால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்பதற்காகத் தடுக்கிறேனா? அல்லது இதைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருப்பதால் தடுக்கிறேனா?" முதலாவது காரணமானால் தடுங்கள். இரண்டாவது காரணமானால் தடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

1. கைக்குழந்தைக்குத் தடை அவசியம்

"செல்போன் காட்டினாத்தான் வாயே திறக்குது" என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். வேலை அவசரத்தில் இது சுலபமான வழியாகத் தெரிகிறது. ஆனால் படத்தில் கண்ணை வைத்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்குத் தன் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

பேச்சு வருவதற்கும் இது உதவாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2003-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுடன் ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசினார். மற்றொரு பகுதிக் குழந்தைகள் அதே பேச்சை டி.வி.யில் பார்த்தன. இப்படி 12 முறை நடந்தது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. டி.வி.யில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. தாயின் முகமும், பாட்டியின் கொஞ்சலும், தாத்தாவின் "யாரு வந்திருக்கா பாரு" என்ற அழைப்பும் தரும் பாடத்தை எந்தப் பெட்டியும் தராது.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வகுத்த வழிமுறையும் 2 வயதுக்குள் திரை கூடாது என்றே கூறுகிறது. வெளியூரில் இருக்கும் தகப்பனாரோடு எப்போதாவது படம் பார்த்துப் பேசுவது இதில் சேராது. அங்கே பேசுவது உயிருள்ள உறவு.

இந்த வயதில் தடை போட நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. பிள்ளை இழப்பது ஒன்றுமில்லை.

2. உடலையும் மனதையும் பாதிப்பவை

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' என்ற கார்ட்டூன் டி.வி.யில் ஓடியது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வேகமாக மாறி மாறி மின்னியது. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டவர்கள் வலிப்பு, தலைசுற்றல், வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். அந்தத் தொடர் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. மின்னும் வெளிச்சத்துக்கு அங்கே 1998-இல் விதிகள் வகுத்தார்கள். அந்தக் கார்ட்டூனில் கெட்ட வார்த்தையும் இல்லை, ஆபாசமும் இல்லை. ஆனாலும் தடுக்க வேண்டிய காட்சிதான். உங்கள் பிள்ளைக்கு ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தால், மின்னும் வெளிச்சம் உள்ள விளையாட்டுகள், படங்கள் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிதடிக் காட்சிகள் அடுத்தது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1961-இல் 72 சிறு பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் ஒரு பகுதிப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பொம்மையோடு விட்டபோது, அதே அடி, அதே உதை, அதே வசவு! 1963-இல் நேரில் காட்டாமல் படமாகக் காட்டியும் சோதித்தார். அப்போதும் பிள்ளைகள் பார்த்ததைச் செய்தார்கள். ஒரு சண்டைப் படம் பார்த்த பிள்ளை ரௌடியாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பொம்மையை அடிப்பது வேறு, ஆளை அடிப்பது வேறு. ஆனால் சிறு பிள்ளை பார்த்ததைச் செய்து பார்க்கும் என்பது உறுதி.

செய்திகளையும் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அலை வரும் காட்சியை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நமக்கு அது பழைய காட்சி என்று தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு அலை வருவதாகவே நினைக்கும். விபத்து, கொலை, பேரிடர் நேரங்களில் சிறு பிள்ளை இருக்கும் கூடத்தில் செய்தி சேனலை ஓடவிடாதீர்கள்.

தற்கொலை எப்படி நடந்தது என்று விவரித்து எழுதும் செய்தி, மனம் சோர்ந்திருக்கும் இளம் பிள்ளைகளைப் பாதிக்கும். முறையை விவரித்து எழுதக் கூடாது என்று இந்திய பத்திரிகை கவுன்சில் 2019-இல் பத்திரிகைகளுக்கே வழிமுறை கொடுத்திருக்கிறது. வீட்டிலும் அந்தப் பேச்சை அப்படி விவரிக்க வேண்டாம். பிள்ளை சோர்ந்து ஒதுங்கியிருந்தால், "என்னப்பா மனசுல இருக்கு?" என்று நேரடியாகக் கேளுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

வயதைப் பார்த்துத் தடுப்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1952-ஆம் ஆண்டு சினிமாச் சட்டப்படி படங்களுக்குச் சான்றிதழ் தரப்படுகிறது. 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயது ஆனவர்கள் மட்டுமே. 1983 முதல் 'யு/ஏ' என்ற நடுப்பிரிவு வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தது. இந்த மூன்றும் பெற்றோருக்கு வழிகாட்டத்தான். முடிவு செய்ய வேண்டியது நீங்கள்.

கே. ஏ. அப்பாஸ் என்ற டைரக்டர் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த செய்திப் படத்துக்குத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ்தான் தருவோம் என்றது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1970-இல் தீர்ப்பு வந்தது. வயதுவாரியாகப் படங்களைப் பிரிப்பது செல்லும் என்று கோர்ட்டு கூறியது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் கூறியது: பாலுணர்வு பற்றிச் சொல்வதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது. இந்த இரண்டு பாதியையும் பெற்றோர் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் 17-ஆவது பிரிவு பிள்ளைகளுக்குப் பலவிதமான செய்திகளும் அறிவும் கிடைக்க வேண்டும் என்கிறது. கேடு தருபவற்றிலிருந்து காக்கவும் சொல்கிறது. கொடுப்பதும் காப்பதும் ஒரே பிரிவில்தான் இருக்கின்றன.

4. வீண் பயத்தால் போடும் தடை

பெரியவர்கள் தப்பாகப் பயந்ததும் உண்டு. அமெரிக்காவில் 1954-இல் ஃப்ரெட்ரிக் வெர்த்தாம் என்ற மனநல டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்றார். நாடே பயந்தது. அந்நாட்டு செனட் சபைக் குழு விசாரணை வைத்தது. பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கடுமையான தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். பல காமிக்ஸ்கள் நின்றே போயின. பல ஆண்டுகள் கழித்து கேரல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர் அந்த டாக்டரின் குறிப்புகளைப் பார்த்தார். பிள்ளைகள் சொன்னதை அவர் பல இடங்களில் மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்தது 2012-இல் வெளியே வந்தது.

நம் ஊரிலும் இந்தப் பயம் இருந்தது. முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அதைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து, அகப்பட்டு அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். அவர்கள் இன்று தாத்தாக்கள். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. வேகமாக வாசிக்கும் பழக்கம் பலருக்கு அப்படித்தான் வந்தது.

"பாடத்தைப் படிடா, கதை என்னத்துக்கு?" என்று பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறவர்கள் இதை யோசியுங்கள். பேய்க் கதை, துப்பறியும் கதை, ராஜா கதை எதுவானாலும், அதைப் படித்துப் பிள்ளை இரவில் பயப்படாமல் தூங்கினால் படிக்கட்டும். பயந்தால் சில நாள் நிறுத்திவையுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தடைக்குக் காரணம் ஆகாது. நூலகத்தில் பிள்ளையே தன் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்களும் கூடப் போங்கள்.

5. கூச்சத்தால் மறைக்கக் கூடாதவை

சுகாதாரத் துறை உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்.

வளரும் பிள்ளைகள் உடலில் என்ன மாற்றம் வரும், மாதவிடாய் ஏன் வருகிறது, குழந்தை எப்படி உண்டாகிறது என்று எழுதியிருக்கும் புத்தகத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல் பரண்மேல் போடுகிற வீடுகள் உண்டு. பள்ளியில் அந்தப் பாடப் பக்கத்தை நடத்தாமல் புரட்டிவிடுவதும் உண்டு. "இதெல்லாம் இப்பவே தெரிஞ்சு என்ன ஆகணும்?" என்பார்கள்.

என்ன ஆகும் தெரியுமா? முதல் மாதவிடாய் வந்த அன்று தனக்குப் பெரிய நோய் வந்துவிட்டது என்று பயந்து ஒளிந்து அழுத பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது இயற்கை என்று தெரியாமல், நோய் என்று நினைத்துப் போலி வைத்தியரிடம் பணத்தைக் கொடுத்த பையன்களும் உண்டு. இரண்டு பேரையும் யாரும் கெடுக்கவில்லை. பெரியவர்களின் மௌனம்தான் அப்படிச் செய்தது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தன் உடம்பின் மறைவிடங்களுக்குப் பெயர் தெரியாத பிள்ளை, யாராவது தகாதபடி தொட்டால் அதை எப்படிச் சொல்லும்? "அந்தப் பேச்சே பேசக்கூடாது" என்று வளர்த்த பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைத்து வாய் மூடிக்கொள்ளும். தகாத செயல் செய்கிறவன் பெரும்பாலும் தெரியாத ஆள் அல்ல. வீட்டுக்கு வந்து போகிறவன்தான். அவனுக்குத் துணையாக இருப்பது பிள்ளையின் அறியாமை. 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரையும் காக்கிறது. ஆனால் பிள்ளை வாய் திறந்தால்தானே சட்டம் உதவிக்கு வரும்?

"இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க சீக்கிரமா கெட்டுப் போயிடாதா?" என்ற சந்தேகம் வருவது இயற்கை. யுனெஸ்கோ பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டது. வயதுக்கேற்ற முறையில் இந்தக் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் அவசரப்பட்டு உறவில் ஈடுபடுவதில்லை என்பதே அதில் கண்ட முடிவு.

இன்னொரு வார்த்தை. பல வீடுகளில் பையனுக்குப் போன் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. பெண் படிக்கும் புத்தகம் சோதிக்கப்படும், பையன் பார்க்கும் படத்தை யாரும் கேட்பதில்லை. இது பாதுகாப்பு ஆகாது. ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே விதி இருக்க வேண்டும்.

6. ஆபாசப் படத்தைப் பிள்ளை பார்த்துவிட்டால்?

உடலைப் பற்றிய அறிவு வேறு, ஆபாசப் படம் வேறு. முன்னதைக் கொடுக்க வேண்டும், பின்னதைத் தடுக்க வேண்டும். அந்தப் படங்களில் இருப்பது நடிப்பு. அதில் சம்மதமும் அன்பும் மரியாதையும் இல்லாமல் காட்டுவார்கள். அதைப் பார்த்தே பிள்ளை பாடம் கற்றுக்கொண்டால் தவறான பாடமாகிவிடும்.

தடுத்தும் பிள்ளை பார்த்துவிட்டது என்று வையுங்கள். அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். "எப்படி வந்துச்சு? யார் அனுப்பினாங்க? பார்த்தப்போ உனக்கு என்ன தோணுச்சு?" என்று நிதானமாகக் கேளுங்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை பார்க்காமல் இருக்காது, சொல்லாமல் இருக்கும். யாராவது படம் கேட்டோ, படத்தை வெளியிடுவேன் என்றோ மிரட்டினால் அப்போதும் உங்களிடம் வராது. உண்மையான ஆபத்து அதுதான்.

மிரட்டல் இருந்தால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்ற எண் 1930-க்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் உதவி எண் 1098. பெரியவர்களும் தங்கள் போனைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை ஆபாசமாகக் காட்டும் படம் யாரேனும் அனுப்பினால், அதை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 செப்டம்பரில் விளக்கியிருக்கிறது. அந்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனது.

7. தடுப்பதானால் எப்படித் தடுப்பது?

(1) காரணம் சொல்லித் தடுங்கள். "சொன்னா கேளு" என்பது காரணம் ஆகாது. "இதுல அடிக்கிறது நிறைய வருது, ராத்திரி உனக்குத் தூக்கம் வராது" என்பது காரணம்.

(2) எந்த வயது வரை என்று சொல்லுங்கள். "இப்ப வேணாம், எட்டாவது போனதும் சேர்ந்து பார்க்கலாம்" என்றால் பிள்ளை காத்திருக்கும்.

(3) ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றைக் கொடுங்கள். விளையாட்டோ கதையோ வெளியே ஒரு நடையோ இல்லாமல் வெறும் தடை நிற்காது.

(4) சாப்பிடும்போதும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் யாருக்கும் திரை வேண்டாம். இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

(5) வயது ஏற ஏறப் பிடியைத் தளர்த்துங்கள். 5 வயதில் நீங்கள் தேர்ந்தெடுங்கள். 10 வயதில் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். 15 வயதில் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் பேசுங்கள். 18 வயதில் அது பிள்ளையின் முடிவு. அந்த நாளுக்குள் நல்லது கெட்டது பிரிக்கப் பழக்குவதற்காகத்தான் இத்தனை நாள் தடை.

(6) திருட்டுத்தனமாகப் பையைக் குடைந்து பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டே பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

கெடுதல் இருந்தால் தடை. கூச்சம் இருந்தால் பேச்சு.

சிறு வயதில் தடை அதிகம், பேச்சு குறைவு. வளர வளரத் தடை குறைவு, பேச்சு அதிகம்.

பிள்ளை எதைப் பார்த்தாலும், எதைப் படித்தாலும், "அம்மாகிட்ட கேக்கலாம், அப்பாகிட்ட சொல்லலாம்" என்ற தைரியம் அதற்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தைக் கெடுக்கிற தடை எதுவானாலும் அதை எடுத்துவிடுங்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தயக்கமாக இருந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையோடு வந்தாலும் விளக்கம் சொல்வார்கள்.

படித்தபின் இதைப் பரண்மேல் போடாதீர்கள். பிள்ளையின் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.